என் சம்பள உயர்வும் உங்கள் மேல்மாடியும்

மரியாதைக்குரிய பெரியண்ணனுக்கு,

வணக்கம். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்தது, உங்களுக்குச் சர்க்கரை கூடியது, வீட்டுக்கு மேல்மாடி எழும்பப்போகிறது ஆகிய மூன்று செய்திகளும் கிடைத்தன. முதலாவதற்கு மகிழ்ச்சி, இரண்டாவதற்கு வருத்தம். மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் தலைமை மேலாளர் ஆகிவிட்டேன், சம்பளம் இரட்டிப்பாகிவிட்டது என்று உங்களிடம் சொன்னது நான்தான். அது தாளில் மட்டும்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், நீங்கள் போனை வைத்துவிட்டு மேஸ்திரியைப் பார்க்கக் கிளம்பிவிட்டீர்கள்.

இந்த நாட்டில் வெளிநாட்டுக்காரர் வேலை பார்க்க அனுமதி வேண்டுமென்றால், அரசாங்கம் சொல்லும் தொகைக்குக் குறையாமல் சம்பளம் வாங்க வேண்டும். வயது ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும். என் வயதுக்கு இவ்வளவு மதிப்பு இதுவரை யாரும் கொடுத்ததில்லை. வீட்டில் என் தொல்லை தாங்காமல் என்னைப் பள்ளியில் தள்ளப்போன அன்று, “அஞ்சு முடிஞ்சிருச்சு சார்” என்று கூசாமல் இரண்டு வயது கூட்டிச் சொன்னீர்களே, அந்தப் புண்ணியத்தில் எனக்கு மதிப்பு இன்னும் கூடுதல். இந்த ஆண்டு அந்தத் தொகை என் சம்பளத்தை விட்டு எங்கேயோ போய்விட்டது. சம்பளம் கூடாவிட்டால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கண்ணாடி வில்லைகளை விளக்குக்கு நேரே பிடித்துக் கீறல் தேடுவது என் வேலை. முதலாளி இருபது ஆண்டுகளுக்கு முன் என்னைப் போலவே பிழைக்க வந்து, இன்னும் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவர். என்னைக் கூப்பிட்டு, “கவலையே படாதீங்கம்மா. பேங்க்ல முழுச் சம்பளமும் விழும். கூடுதலா விழுந்ததை எடுத்து ஒரு கவர்ல போட்டு எங்கிட்ட குடுத்துருங்க. நமக்குள்ள என்ன?” என்றார். அவ்வளவு சம்பளத்துக்குக் கீறல் பார்க்கிறவள் என்றால் யார் நம்புவார்கள் என்று பதவியையும் சேர்த்தே கொடுத்தார். பதவியைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அண்ணா, வேலைக்குப் போகிறவள் முதலாளிக்குச் சம்பளம் கொடுப்பதை நான் பல்கலைக்கழகத்தில்கூடப் படித்ததில்லை.

இதற்கிடையில், தலைமை மேலாளர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று பார்க்க ஓர் அதிகாரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். முதலாளி என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்த் தன் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார். கால் தரையில் எட்டவில்லை. அவரே டீத் தட்டோடு வந்து பவ்யமாக ஓரமாய் நின்றார். நிற்கிறவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

“இவர் யாரு?” என்றார் அதிகாரியம்மா.

“எடுபிடி வேலைக்கு” என்றேன். வேறென்ன சொல்வது?

“உங்களுக்கு என்னங்க சம்பளம்?” என்று அவரிடமே திரும்பினார்.

வரிக்காரர்களிடம் குறைத்துச் சொல்லிச் சொல்லிப் பழகிய முதலாளியின் வாய், கேட்டவுடனே அதே தொகையைச் சொல்லிவிட்டது. என் பழைய சம்பளத்தைவிட அது குறைவு.

“நீங்களும் வெளிநாட்டுக்காரரா? இந்தச் சம்பளத்துக்கு உங்களுக்கு பர்மிட்டே கிடையாதே. மேடம் பார்த்து ஏத்திக் குடுத்தாதான் உண்டு.”

முதலாளி என்னைப் பார்த்தார். இருபது ஆண்டுகளில் அவர் யாரையும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். “வேலையைப் பார்த்துத்தாங்க முடிவு பண்ணணும். டீயில சர்க்கரையே இல்ல” என்றேன்.

அதிகாரியம்மா போனபின், “என்னம்மா இப்படிக் காலை வாரிட்டீங்க, என் சம்பளத்தை ஏத்தி ஒரு கையெழுத்துதானே?” என்று கெஞ்சினார். கவரும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், பேங்கில் விழுவது முழுக்க எனக்கே என்று ஒத்துக்கொண்டால் போடுகிறேன் என்றேன். முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆயிற்று, ஒத்துக்கொண்டார். அவருடைய சம்பள உயர்வில் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆகவே உயர்வு உண்மையாகிவிட்டது, அண்ணா. ஆனால் அந்தப் பணத்தை எனக்கே வைத்துக்கொள்வதாக இருக்கிறேன். இதுவரை அனுப்பியது கீழ்வீட்டுக்குப் போதும். மேஸ்திரியை அனுப்பிவிடுங்கள். கம்பி வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். நீங்கள் இனிப்பைக் குறைக்கவும்.

இப்படிக்கு,
சான்றிதழில் மூத்துவிட்ட
உங்கள் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுமுன் புது உத்தரவு வந்துவிட்டது. ஐம்பதைத் தொட்டவர்களுக்கு இன்னும் பெரிய தொகையாம். அடுத்த மாதம் எனக்கு நாற்பத்தெட்டுதான், சான்றிதழுக்கு ஐம்பது. முதலாளி தன் அனுமதியைப் புதுப்பித்துக் கையில் வைத்துக்கொண்டு, “உங்க வயசு எனக்குக் கட்டுப்படியாகலம்மா” என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார். இந்தத் தடவை டீ எனக்குத்தான் வந்தது, சர்க்கரை போட்டு. எனவே மேஸ்திரியைத் திருப்பிக் கூப்பிடுங்கள். மேல்மாடியில் தெருப்பக்கத்து அறை எனக்கு. சன்னல் பெரிதாக இருக்கட்டும். இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்துவிட்டாள், என்ன வயதாகிறது என்று யாராவது கேட்டால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அதில் உங்களுக்குப் பழக்கம் உண்டு.