அல்பிரட்டுக்குப் பதில் நின்றவர்

வாசல் படலையில் மோட்டார்சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டபோது, கத்தரினின் வீட்டில் இருக்க வேண்டிய மூன்று பேரில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

வந்தவர் சுகாதாரப் பரிசோதகர் துஷாந்தன். பதினாலு நாள் தனிமைப்படுத்தல் என்று கதவில் தாள் ஒட்டியவர் அவர்தான். இன்றைக்கு ஒன்பதாம் நாள். வெளியே கால் வைத்தால் வழக்கு.

ஆனால் மத்தியானமே காற்று ஏறிவிட்டது. கரையில் கிடந்த படகை மேலே இழுக்காவிட்டால் அலை அதை விறகாக்கிவிடும் என்று, கத்தரினின் புருசன் அல்பிரட் பின்வேலியில் ஆள் நுழையுமளவு இருந்த பொட்டுக்குள்ளால் போய்விட்டான்.

"இந்தியாவிலயும் அடைச்சு வைச்சாங்கள், இஞ்சயும் அடைக்கிறாங்கள். படகுக்கும் கொரோனாவே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

"எல்லாரும் முன்னுக்கு வாங்கோ!" துஷாந்தன் கூப்பிட்டார்.

இந்தியாவில் அகதி முகாமில் இருந்த இருபது வருசத்தில் கத்தரின் ஒன்று பழகியிருந்தாள். தலையெண்ண வரும்போது ஆள் குறைந்தால், பக்கத்து வீட்டில் ஒரு தலையை இரவல் வாங்க வேண்டும். பின்பக்கம் ஓடினாள்.

"சிவராசா அண்ணை, கெதியா வாங்கோ! ஒருக்கா அல்பிரட்டா நில்லுங்கோ!"

பதில் இல்லை. ஆனால் பொட்டுக்குள்ளால் ஒருவர் வந்தார். கண்வரைக்கும் முகக்கவசம், நெற்றிவரைக்கும் தொப்பி. கொடியில் காயக் கிடந்த அல்பிரட்டின் சேட்டைக் கேளாமலே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கத்தரின், அல்பிரட்டின் தங்கையான கண்பார்வை மங்கிய மச்சாள் ஜூலியட், அந்த ஆள். மூன்று பேரும் வரிசையில் நின்றார்கள். வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் சனமில்லை. நாலைந்து கழுதைகள் மட்டும் அசையாமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன.

"பேர்?"

"அல்பிரட்."

அந்தக் குரலைக் கத்தரின் ஒருநாளும் கேட்டதில்லை. சிவராசா அண்ணை நல்லாத்தான் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒரு சோதனை செய்யவேணும்."

பஞ்சுக் குச்சி மூக்குக்குள் போனால் எவரும் துள்ளுவார்கள். இவர் இமைக்கக்கூட இல்லை. கேட்க முதலே மற்ற மூக்குத் துவாரத்தையும் காட்டினார். பிறகு சத்தமில்லாமல் உள்ளே போனார்.

கால் மணித்தியாலம் கழிந்தது.

"அக்கா, ரெண்டு கோடு. அல்பிரட்டுக்குத் தொத்தியிருக்கு. வாகனத்துக்குச் சொல்லிட்டன், பக்கத்திலதான் நிக்குதாம்."

கத்தரின் விழுந்தடித்துப் பின்பக்கம் போனாள். பொட்டுக்குள்ளால் இரண்டு பேர் சொட்டச் சொட்ட நுழைந்துகொண்டிருந்தார்கள். அல்பிரட்டும் சிவராசாவும்.

"படகு தப்பிட்டுது!" என்றான் அல்பிரட்.

"சிவராசா அண்ணை, நீங்கள் எப்ப திரும்ப வெளியால போனனீங்கள்?"

"திரும்பவோ? மூண்டு மணியில இருந்து இவரோட கயிறெல்லோ இழுத்தனான்!"

கத்தரின் திரும்பி ஓடினாள். முன்னறையை எட்டிப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. படலையில் வாகனம் ஊதியது.

விசயத்தைக் கேட்ட அல்பிரட் தலையில் கை வைத்தான். "வெளியில போனனான் எண்டால் வழக்கு. உள்ளுக்கு இருந்தனான் எண்டால் கொரோனா வருத்தம். எதையடி சொல்ல?"

"வருத்தத்தைச் சொல்லுங்கோ. வழக்கெண்டால் படகையும் கொண்டு போயிடுவாங்கள்."

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவனைத் துஷாந்தன் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, அரை மணித்தியாலத்தில ஒரு சாண் கட்டையாப் போனீங்கள்?"

"வருத்தம் வந்தால் ஆள் சுருங்கும்தானே, சேர்," என்றாள் கத்தரின்.

"சேட்டெல்லாம் ஈரம்?"

"காய்ச்சல் வேர்வை, சேர்."

சாரதி கதவைத் திறந்துவிட்டான். "நல்ல மனுசன், தன்ர காலிலயே வாறார். காலமை எங்கட கொரோனா சிகிச்சை நிலையத்தில ஒருத்தன் மதில் பாய்ஞ்சு ஓடிட்டான். நல்ல உயரமான ஆள். இன்னும் தேடுறம்."

கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அல்பிரட் என்னவோ சொல்லிக் கையை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. வாகனம் திரும்பியது. பின்னாலேயே துஷாந்தனும் போனார்.

மதில் பாய்ந்து வந்தவன் இந்நேரம் எங்கேயோ போய்த் தொலைந்திருப்பான் என்று கத்தரின் சிலுவை போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

ஜூலியட் சுவரைத் தடவித் தடவி உள்ளேயிருந்து வந்தாள்.

"மச்சாள், அண்ணனை இப்பத்தானே ஏத்திக்கொண்டு போனாங்கள்? அப்ப குசினிக்குள்ள இருந்து ரெண்டாந்தரமும் தேத்தண்ணி கேக்கிறது ஆர்?"