கோலப்பனின் கோவா ஒத்திகை

அறுபது வயதில் ஒரு மனிதன் தோளில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பலாமா என்று கோலப்பன் பதினாறு நாள் தன்னையே கேட்டுப் பார்த்தார். பதினேழாம் நாள், கிளம்பலாம் என்று பதிலும் அவரே சொல்லிவிட்டார். கேட்டவரும் சொன்னவரும் ஒரே ஆள் என்பதால் விவாதம் வளரவில்லை.

எல்லாம் செல்போன் வீடியோ செய்த வேலை. இருபது வயதுப் பிள்ளைகள் ஒற்றைப் பையோடு கோவாவில் இறங்குகிறார்கள். கிடைத்த இடத்தில் படுத்து, கிடைத்ததைத் தின்று, சொற்பக் காசில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் நாற்காலி தேய்த்து ஓய்வுபெற்ற கோலப்பனுக்கு, தன் வாழ்க்கையை வேறு எவனோ வாழ்ந்துகொண்டிருக்கிறான் என்று பட்டது. பீரோவில் சீட்டு எடுத்த பணம் இருந்தது. அதில் கோவா.

அந்தப் பணத்தில் அடுக்களையைச் சரிசெய்வது என்று அவர் மனைவி சண்முகவடிவு முன்பே முடிவு செய்திருந்தாள். கூரை ஷீட்டு ஒழுகி, மழை நாளில் ரசத்துக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்ற நிலை. மூன்று முறை கொத்தனார் செல்வதாஸை வரச்சொன்னாள். மூன்று முறையும் கோலப்பன் பக்கத்தில் நின்று சாந்து குழைப்பது எப்படி என்று அவருக்கே விளக்கினார். மூன்று முறையும் செல்வதாஸ் கரண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

"தெரியாத ஊருல ரெண்டு ராத்திரி தனியா நிப்பியளா நீங்க?" என்று மட்டும் கேட்டாள் வடிவு.

அது கோலப்பனைச் சுட்டுவிட்டது. அந்த இடத்திலேயே ஒத்திகை அறிவித்தார். வீடு இருக்கும் கோட்டாறிலிருந்து கன்னியாகுமரி. முக்கால் மணி நேர பஸ் தூரம்தான். ஆனால் சபரிமலை சீசன். சாமிமார் கூட்டத்தில் லாட்ஜுக்காரன் சொல்வதுதான் விலை. அங்கே ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் மூன்று பகல், இரண்டு இரவு தாக்குப்பிடித்தவனைக் கோவா என்ன செய்துவிடும்? நிபந்தனையும் அவரே போட்டார்.

"கேட்டுக்கோட்டி. சொந்தக்காரன் எவன் வீட்டுலயாவது நான் ஒரு ராத்திரி தலைசாய்ச்சா தோத்தேன்னு வச்சுக்கோ. சீட்டுப் பணம் ஒனக்கு."

"அப்பமே எடுத்துக்கிடலாமா, நீங்க வந்த பொறவா?"

"அந்த நிமிசமே எடுத்துக்கோ."

வடிவு செரி என்றாள். இருபத்தெட்டு வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் அவள் செரி சொன்னதில்லை. கோலப்பன் அதைத் தன் பேச்சின் வலிமை என்று எடுத்துக்கொண்டார். நிபந்தனையும் அவருக்குக் கஷ்டமில்லை. சொந்தக்காரர்களைத் தவிர்ப்பது அவருக்குப் பழகிய வித்தை. வடிவு வீட்டுக் கல்யாணங்களில் அவர் இலையைப் பார்ப்பார், முகங்களைப் பார்க்க மாட்டார். கைகழுவினால் நேரே பஸ் ஸ்டாண்டு.

கன்னியாகுமரியில் பதினோரு லாட்ஜு ஏறி இறங்கினார். ஒருவன் மூவாயிரம் என்றான். ஒருவன் பையைப் பார்த்துவிட்டு, மண்டபம் அந்தப் பக்கம் சாமி என்றான். தோள்பட்டை இற்று விழுந்தது. வீட்டு நாற்காலி கண்முன் வந்து வந்து போயிற்று. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு டீக்கடையில் கேட்க வாயெடுத்தபோது, பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி பேசினாள்.

"ரூமு வேணுமா அண்ணாச்சி? பின்தெருவுல எங்க வீட்டு மாடி சும்மா கெடக்கு. எரநூறு தாங்க."

பெயர் சுயம்புகனி. நாற்பது வயதிருக்கும். கோலப்பனுக்குள் தூங்கிய வணிகன் விழித்தான். நூற்றைம்பதுக்கு மேல் தம்பிடி கிடையாது என்றார். அவள் சற்றுத் தள்ளிப்போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து சம்மதித்தாள். புருஷனிடம் கேட்கிறாள் போல, பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

மாடி சுத்தமாக இருந்தது. கடல் காற்று வந்தது. ராத்திரி அறுபது ரூபாய்க்குச் சாப்பாடு போட்டாள். உள்ளித்தீயல் குழம்பு. அவருக்கு உயிர். "மோரு வேண்டாம்லா ஒங்களுக்கு, சளி பிடிக்கும்" என்று அவளே சொம்பை நகர்த்தி வைத்தாள். முகத்தைப் பார்த்தே ஆளின் உடம்பை அறியும் எளிய மக்களைப் பற்றி கோலப்பன் வெகுநேரம் யோசித்தார்.

இரண்டு காலையும் சூரியன் மேகத்தைவிட்டு வெளியே வரவில்லை. வந்தாற்போல் போட்டோ எடுத்துக்கொண்டார். படித்துறையில் வடநாட்டுப் பையன்கள் இருவருக்குச் சிக்கனப் பயணத்தின் சூட்சுமங்களை அரைமணி நேரம் தமிழில் விளக்கினார். அவர்கள் தலையாட்டினார்கள். பிறகு வேறு படிக்கு மாறி உட்கார்ந்தார்கள். இத்தனை வருடம் எங்கே இருந்தேன் நான் என்று கடலைப் பார்த்துக் கேட்டார். கடலுக்கு வேறு வேலை இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் விடைபெற்றபோது, "போயிட்டு வாங்க அத்தான்" என்றாள் சுயம்புகனி. மூன்றே நாளில் அந்நியன் உறவாகிவிட்டான். பயணம் என்றால் இதுதான் என்று பஸ்ஸில் கண் கலங்கினார்.

வீட்டு நடையிலேயே பேச்சைத் தொடங்கினார். "ஏட்டி, நானூறு ரூவா மிச்சம். கோவாவுக்கு டிக்கெட்டு..."

அடுக்களையில் புது ஷீட்டு. வெள்ளை டைல்ஸ். சிங்க்கில் குழாய் மினுங்கியது. செல்வதாஸ் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"என் பணத்தை எடுத்தியா?"

"நீங்க தோத்த அந்த நிமிசமே எடுத்தேன். சுயம்புகனி எங்க சித்தப்பா மவ. பஸ் ஸ்டாண்டுல இருந்தே ஒங்க பின்னால போகச் சொன்னதே நாந்தான். அவ கல்யாணத்துல ரெண்டு பந்தி சாப்பிட்டியளே, பொண்ணு மொகத்தைப் பாத்தியளா?"

உள்ளித்தீயலும் நகர்த்தி வைத்த மோரும் கோலப்பனுக்கு இப்போதுதான் விளங்கின. வாடகை பேசிய சாமர்த்தியமாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று, "அம்பது ரூவா கொறைச்சேன்" என்றார் மெல்ல.

"அதுக்குத்தான் போன் போட்டா. நாந்தான் கொறைச்சுக் குடு, இல்லேன்னா திரும்பி வந்து செல்வதாஸுக்குச் சாந்து குழைக்கச் சொல்லிக் குடுப்பாருன்னேன்."

செல்வதாஸ் சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாக எழுந்து நின்றார். கோலப்பன் தோளிலிருந்து பையை இறக்கினார். வடிவு அதைக் கையில் வாங்கி, தையலை இழுத்துப் பார்த்தாள்.

"நல்ல உறுதியான பையாத்தான் வாங்கியிருக்கிய. ஒடைஞ்ச டைல்ஸை அள்ளிக்கிட்டுப் போய்க் கொட்ட ஒரு பை வேணும்னு செல்வதாஸு காலையில இருந்து கேட்டுக்கிட்டு நிக்காரு."