பதினெட்டு அடுக்குச் சட்டை

துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் சட்டை, அண்டாத் தண்ணீரில் முக்கால்வாசி மூழ்கிக் கிடந்தது. வெளியே தெரிந்த கழுத்துப் பட்டையில் மஞ்சள் வேறு தடவியிருந்தது.

தீர்த்தகிரி ஓடிப்போய் அதை வெளியே இழுத்தான்.

"ஏ செல்லி! இன்னாமே பண்ணி வெச்சிருக்கிற?"

"இன்னா பண்ணிட்டேன்? கோடித் துணிய நனைக்காமப் போடுவாங்களா? செத்தவங்க மேலதான் அப்பிடியே போத்துவாங்க. அதுவும் துப்பாக்கி முன்னால நிக்கிறதுக்கான சட்டைன்னு நீதான மாமா சொன்ன? அதான் ரெண்டு தரம் முக்கினேன்."

செல்லியம்மாள் சொன்னதில் தப்பே இல்லை. புதுத்துணி என்றால் அந்த மலையில் எந்த வீட்டிலும் அப்படித்தான். ஆனால் இது அரசாங்கத்துப் புதுத்துணி ஆயிற்றே!

தீர்த்தகிரி வனத்துறையில் தற்காலிகக் காவலர். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். அது 1985. சந்தன மரம் வெட்டுகிறவர்கள் நாட்டுத் துப்பாக்கியோடு திரிய ஆரம்பித்திருந்தார்கள். சோதனை பார்க்கச் சொல்லி மேலிடம் முகாமுக்கு ஒரே ஒரு சட்டையை அனுப்பியது. எத்தனையோ நிரந்தரக் காவலர்கள் இருக்க, ரேஞ்சர் அருணகிரி தீர்த்தகிரியைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்து இதச் சுட்டுப் பாப்பாரு. அதுவரைக்கும் உன் பொறுப்பு. நல்லபடியா முடிஞ்சா உன்ன நிரந்தரமாக்கச் சொல்லி எழுதறேன். ஏடாகூடமாச்சுன்னா இருக்கிற வேலையும் போய்டும்."

"உள்ள இரும்பு இருக்குதுங்களா?"

"இரும்பெல்லாம் இல்லப்பா. பதினெட்டு அடுக்குத் துணி. குண்டு மோதினா ஊடும் பாவும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும். அடிபட்ட இழை பக்கத்து இழைக்கு பாரத்தக் கொடுக்கும். ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் வேகத்த வாங்கிக்கும். கடைசில குண்டு நசுங்கி நின்னுடும். இழைக்கு அசைய இடம் வேணும். ஆனா நனைஞ்சா வழுக்கும், குண்டு இழைய ஒதுக்கிட்டுப் பூந்துடும். வெயிலும் ஆகாது."

தீர்த்தகிரிக்குப் புரிந்தது நனையக் கூடாது என்பது மட்டும்தான். புதன்கிழமை காலையில் அதுவும் அண்டாவுக்குள் போய்விட்டது.

வெயில் ஆகாது என்று நிழலில் தொங்கவிட்டான். மார்கழிப் பனியில் நிழலில் எது காயும்? மத்தியானம் வரை சொட்டிக்கொண்டே இருந்தது.

"அடுப்பு மேல கட்டு மாமா. புளியங்கொட்டையே காயுது, இது காயாதா?"

கட்டினான். உள்ளே ஈரம் அப்படியே இருக்க, மேலுறை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியது. "ஐயோ, என் வேலை!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை சட்டையைக் கோணிப்பையில் சுருட்டிக்கொண்டு ஜமுனாமரத்தூர் சந்தைக்கு ஓடினான். அங்கே தையல்கடை வைத்திருந்தவர் வாணியம்பாடிக்காரர் அமீனுல்லா.

"பாய், காயவும் வைக்கணும், கருகினது தெரியாம உறையும் மாத்தணும். என் சோறு இதுலதான் இருக்குது."

"இவ்ளோதானா? கவலப்படாத."

அமீனுல்லா உறையைப் பிரித்தார். உள்ளே மஞ்சள் மஞ்சளாகப் பதினெட்டுத் துணிகள். பிசிறு வெட்டக் கத்தரிக்கோல் வைத்தார், வெட்டவில்லை. வேறு கத்தரிக்கோல் எடுத்தார், அதுவும் மழுங்கியது.

"யா அல்லா! இன்னா துணிப்பா இது?"

பதினெட்டையும் கடைக்குள் கொடி கட்டித் தொங்கவிட்டு மின்விசிறியைப் போட்டார். சந்தைக்கு வந்த பெண்கள் பட்டு வந்திருக்கிறது என்று கூடிவிட்டார்கள். தொட்டுப் பார்ப்பதும் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பதுமாக ஒரே ரகளை. தீர்த்தகிரி அவர்களை விரட்டவே சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் துணியில் பாதி ஈரம் போயிருந்தது.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அமீனுல்லா எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, ரஜாய்ப் போர்வைக்குத் தையல் போடுவது போலக் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கித் தைத்து வைத்திருந்தார்.

"லொடலொடன்னு கெடந்துச்சு. இப்பப் பாரு, பலகை மாதிரி!"

"ஐயோ பாய்! இழைக்கு அசைய இடம் வேணும்னு ரேஞ்சர் சொன்னாரே!"

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு!"

இருவரும் உட்கார்ந்து பிரித்தார்கள். மூன்று ஊசிகள் உடைந்து உள்ளேயே போயின. எண்ணினால் பதினேழு அடுக்குதான் இருந்தது. மறுபடி எண்ணினால் அதே பதினேழு. ஒன்றைச் சந்தைப் பெண்களில் யாரோ ரவிக்கைத் துணி என்று மடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

"பதினெட்டுன்னு கணக்குக் காட்டணுமே பாய்!"

அமீனுல்லா மூலையில் கிடந்த சாமைக் கோணியை வெட்டி நடுவில் வைத்து, புது உறை போட்டுத் தைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, முகாமில் மணல் மூட்டைக்குச் சட்டையை மாட்டிப் புளியமரத்தில் சாய்த்தார்கள். வேலூரிலிருந்து வந்த அதிகாரி ரிவால்வரை எடுத்தார். தீர்த்தகிரி கண்ணை மூடிக்கொண்டான். பின்னால் செல்லியம்மாள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று வெடி. கண்ணைத் திறந்தபோது மணல் மூன்று இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரி விரலை ஓட்டைக்குள் விட்டார். கோணி நாரும் உடைந்த ஊசியும் நாலு சாமை மணியும் வெளியே வந்தன.

"என்னய்யா இது?"

தீர்த்தகிரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அண்டா, அடுப்பு, சந்தை, கோணி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அழுதான்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க சாமி, நனைச்சது நானு" என்று செல்லியம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

அதிகாரி ரேஞ்சர் பக்கம் திரும்பினார். "இவ்வளவு முக்கியமான சாமானை ஏன் இவர்கிட்ட கொடுத்தீங்க?"

"நம்பிக் கொடுத்தேன் சார்! புத்தம் புதுசா, சொட்டுத் தண்ணி படாமக் கொடுத்தேன்! முட்டாப் பய, நாசமாக்கிட்டான். இன்னைக்கே இவன வேலைய விட்டு நிறுத்தறேன்!"

அந்த நேரம் பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து அதிகாரிக்கு மோர் கொண்டுவந்த ரேஞ்சரின் மனைவி ரத்தினம்மாள், புருஷன் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அந்த மனுசன ஏங்க இப்பிடித் திட்றீங்க? கோடித் துணியாச்சேன்னு போன வாரமே நாந்தான அத வாளியில ஊறப்போட்டேன்? நீங்கதான 'இது இனிமே தேறாது, தீர்த்தகிரி தலையில கட்டிட்றேன்'னு எடுத்துனு போனீங்க?"