வாஃபிளுக்குக் காதுக்கவசம்

துப்பாக்கி வெடிச் சத்தம் கேட்டதுதான் தாமதம், வாஃபிள் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு பைன் மரங்களுக்குள் ஓடி மறைந்தது. ஆர்வில்லின் கையில் நாய்க் கயிறும் பட்டையும் மிஞ்சின.

தொண்டை வறளும் வரை கத்திப் பார்த்தார். வெகுநேரம் கழித்து அது தானாகவே வந்தது, வாயெல்லாம் எச்சில் வடிய. வீட்டில் சாப்பாட்டுக் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவி நாடின் வளர்த்த நாய். அவள் இறந்தபின் வீட்டில் அவரோடு மூச்சு விடும் ஜீவன் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் காலையில் எதற்காக எழுந்திருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

காட்டிலாகா அலுவலகத்துக்குப் போனார்.

"குறி பாத்துச் சுடறதுக்கு அந்தக் காட்டுல அனுமதி இருக்கு சார்," என்றாள் அங்கிருந்த பெண். "நாய்க்கு ஆரஞ்சு சட்டை மாட்டி விடுங்க. தூரத்துலேர்ந்தே தெரியும்."

மாட்டினார். வாஃபிள் ஆரஞ்சு சட்டையோடு ஓடியது.

அடுத்து, ஒரு பலகையில் நாய்ப் படம் வரைந்து, 'இங்கே நாய்கள் நடமாடும், சுடாதீர்கள்' என்று எழுதிப் பாதையோரம் நட்டார். அந்தக் காட்டில் பலகை நட்டால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். துக்கத்தில் இருந்த மனிதருக்கு அது தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், நாய்ப் படத்தின் வயிற்றில் குண்டு துளைத்து, கையை விடலாம் போல ஓட்டை.

கால்நடை மருத்துவர் எடை பார்த்தார். "சாப்பிடலைன்னு சொல்றீங்க, எடை ஏறியிருக்கே?"

"வீட்ல ஒரு வாய் தின்னல டாக்டர்."

"பயந்தான். சிலதுக்குக் கவலையில உடம்பு ஊதும். காதுக்கவசம் வாங்கி மாட்டுங்க."

மாட்டினார். வெடிச் சத்தம் வாஃபிளுக்கு நன்றாகவே கேட்டது. ஆர்வில் கூப்பிட்டதுதான் கேட்கவில்லை.

மகள் கொலீன் போனில் பிடித்துக்கொண்டாள். "அப்பா, பேசாம அத என்கிட்ட குடுத்துடுங்க. இங்க டென்வர்ல இந்த வெடிச் சத்தமெல்லாம் கிடையாது."

"அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

"உங்களுக்குத் துணை வேணும்கறதுக்காக அது நடுங்கிச் சாகணுமா?"

சனிக்கிழமை வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

வெள்ளிக்கிழமை கடைசி நடை. வெடித்தது. ஓடியது. இந்த முறை ஆர்வில்லும் பின்னாலேயே ஓடினார். சுடுவதானால் என்னையும் சேர்த்துச் சுட்டுத் தொலைக்கட்டும் என்ற ஓட்டம்.

சரளைக் குழியில் மடக்கு நாற்காலிகளில் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவரின் காலடியில் துப்பாக்கி. பக்கத்தில் சின்ன அடுப்பு. மனைவியின் மடியில் தலையை வைத்தபடி, காதுக்கவசத்தோடு வாஃபிள் எதையோ மென்றுகொண்டிருந்தது.

ஆர்வில்லுக்கு மூச்சு வாங்கியது. "உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், சுடறத நிறுத்துங்க. இந்த நாய்..."

"உங்க நாயா?" அந்த அம்மாள் அடுப்பில் வாட்டிய இன்னொரு இறைச்சி சாசேஜை நறுக்கினாள். "இவருக்குக் கண்ணு தெரியாமப் போனதுலேர்ந்து நாங்க குறி பாக்கறதையே விட்டாச்சு. இது சாப்பிட வரட்டும்னுதான் தெனம் ஒரு வெடி வெடிக்கிறோம்."