மண்ணெண்ணெய்க்காரர் குரலில் ஒரு மன்னிப்பு

மனிதர்களில் குரல் பிடிக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அவசரமாக ஒன்றைச் சொல்ல வருவீர்கள். அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, "ஆகா" என்பார். சொன்னதை ரசிக்கிறார் என்று உங்களுக்குப் பெருமையாகக்கூட இருக்கும். ஏமாறாதீர்கள். அவர் ரசித்தது ஓசையை. சேதி, செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் காதுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருக்கும்.

ராயபுரத்துச் சிலுவைமுத்து இந்த இனத்தின் தலைமகன். துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். எழுபத்திரண்டாம் வருஷம், பழுது பார்க்கப் போன கப்பலில் ஒரு வயர்லெஸ்காரன், சீமையில் ஒரு விநோதப் பெட்டி வந்திருப்பதாகச் சொன்னான். பார்த்தால் ஆர்மோனியம், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு டேப்பு, கட்டையை அமுக்கினால் டேப்பு ஓடி அதில் பதிந்த குரல் பாடும், விட்டால் நின்றுவிடும், ஒரே ஆள் உட்கார்ந்து ஒரு பாடகர் கூட்டத்தையே வாசிக்கலாம். அவ்வளவுதான். மூர் மார்க்கெட்டில் செத்துப்போன டேப்ரிக்கார்டர்களாகப் பொறுக்கி, மாதாகோயிலில் கழித்துப்போட்ட ஆர்மோனியத்தைக் கெஞ்சி வாங்கி, ஒரு மின்விசிறி மோட்டாரும் ஏகப்பட்ட ஸ்பிரிங்குகளுமாகச் சேர்த்து, சவப்பெட்டிக்குத் தம்பி மாதிரி ஒன்றைக் கட்டி, கூடத்தில் நிறுத்தி, குரல்பெட்டி என்று பெயரும் வைத்துவிட்டார்.

பெட்டி தயார். குரல்?

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் நிம்மதியாக இருமவில்லை. மண்ணெண்ணெய் வண்டிக்காரர் கூவினால், தோளில் பேட்டரி ரிக்கார்டரோடு பின்னாலேயே ஓடுவார். மீன்காரிகள் சண்டை போட்டால், அதே வசவைக் கொஞ்சம் கீழ் ஸ்தாயியில் திட்டச் சொல்வார். துக்க வீட்டில் ஒப்பாரி வைத்த சொக்கம்மாளிடம், "அந்தக் கடைசி இழுப்ப மட்டும் இன்னொரு தபா" என்று கேட்டு, செத்தவரின் மகனிடம் உதை வாங்கினார். உதைத்தவன் விட்ட உறுமல் பெட்டியில் நன்றாகவே வந்தது.

ஒரு மத்தியானம் அடுத்த வீட்டுக் கெங்கம்மா ஓடிவந்தாள்.

"ஐயோ! கூரை பத்திகினு எரியுதுய்யா!"

"அந்த ஐயோவ கொஞ்சம் நீட்டிச் சொல்லு, கெங்கம்மா."

மைக்கைப் பார்த்தால் மனிதர்களுக்கு என்னதான் ஆகிறதோ! கெங்கம்மா முந்தானையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, ரேடியோவில் பாட வந்தவள் மாதிரி, "ஐயோ..." என்று நீட்டினாள். இரண்டாம் முறை இன்னும் சுத்தமாக வந்தது. எரிவது யார் கூரை என்று கேட்க அதன் பிறகுதான் அவருக்குத் தோன்றியது.

"உன்துதான்யா!"

அதற்குள் அவர் மனைவி ஃப்ளோரா குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தாள். அடுப்படிக் கூரை மட்டும் போயிருந்தது. கரியும் ஈரமுமாய் உள்ளே வந்தவள், "உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்னு எத்தினி நாளா..." என்று ஆரம்பித்தாள். சிலுவைமுத்து ரிக்கார்டர் பொத்தானைத் தட்டினார்.

ஃப்ளோரா பேச்சை நிறுத்தினாள். நாலு துணியைப் பையில் திணித்துக்கொண்டு, எண்ணூரிலிருக்கும் தம்பி பாஸ்கல் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் போனது அவருக்கு உடனே தெரியவில்லை. எப்படித் தெரியும்? பெட்டியில் பாதிக் கட்டைகள் அவள் குரல்தானே! சாயங்காலம் ஒரு கட்டையை அமுக்கினார். "சாப்ட வா" என்றது. எழுந்து போனார். அடுப்பு அணைந்திருந்தது, மேலே வானம் தெரிந்தது. திரும்பி வந்து இன்னொன்றை அமுக்கினார். "கைய கழுவிகினியா?" குரல் கணீரென்று கூடத்தை நிறைத்தது. ஆள் இல்லை. கெங்கம்மாவைக் கேட்டபோதுதான், ஃப்ளோரா பையோடு எண்ணூர் பஸ் ஏறிய சேதி தெரிந்தது.

வேறு யாராவது என்றால் அடுத்த பஸ்ஸில் போய் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். இவர் என்ன செய்தார்? சேர்த்து வைத்த டேப்பில் யாராவது 'மன்னிச்சிடு' என்று சொல்லியிருக்கிறார்களா என்று தேடினார். அந்தத் தெருவில் ஒருவரும் சொன்னதில்லை. விடுவாரா? மண்ணெண்ணெய்க்காரரின் கூவலிலிருந்து 'மண்ணெ'யை பிளேடால் வெட்டினார். சொக்கம்மாளின் தும்மலிலிருந்து ஒரு 'ச்சி'. கண்டக்டரின் 'வண்டிய வுடு'விலிருந்து 'டு'. ஒட்டினார். மறுநாள் பெட்டியை ஒரு மூன்று சக்கர மீன் வண்டியில் ஏற்றி, திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்குத் தாமே மிதித்தார்.

வாசலில் சவப்பெட்டி வந்து நிற்பதாக நினைத்துப் பாஸ்கல் பதறிப்போனான்.

"இன்னா மாமா இது! யாரு பூட்டாங்க?"

"யாரும் பூடல. கரண்டு குடு."

அந்தத் தெருவில் சாயங்காலமானால் கரண்டு சோர்ந்துவிடும். மோட்டார் முக்கியது, முனகியது. சனம் கூடிவிட்டது. சிலுவைமுத்து சிலுவை போட்டுக்கொண்டு கட்டையை அமுக்கினார். சீக்கு வந்த எருமை கிணற்றுக்குள்ளிருந்து கத்துவது போல, "மண்ணெ... ச்சி... டூ..." என்றது பெட்டி.

எதிர்வீட்டு அம்மாள் மண்ணெண்ணெய் டின்னோடு ஓடிவந்து முதல் ஆளாக நின்றுகொண்டாள்.

ஃப்ளோரா வெளியே வந்து, தலையை ஒருபக்கமாகத் திருப்பிக் கேட்டாள். "இன்னாய்யா சொல்லுது அது?"

"மன்னிச்சிடச் சொல்லுது."

"யார?"

"என்னத்தான்."

"அத்த சொல்ல உனுக்கு வாய் இல்லியா?"

இருந்தது. ஊரார் குரலையெல்லாம் பிடித்தவர், தம் குரலை மட்டும் ஒருநாளும் பிடித்ததில்லை. வாயைத் திறந்தார். கரகரவென்று, சுருதி சேராமல் வந்தது: "மன்னிச்சிடு, ஃப்ளோரா. அன்னிக்கி நீ இன்னா சொல்ல வந்தே?"

"ரெண்டு மாசமா அதத்தான்யா சொல்லிகினு கீறேன். எனுக்கு எடது காது கேக்கல."

சிலுவைமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தப் பேச்சு அவருக்குத் தெரியும். பெட்டியிலேயே இருக்கிறது. அந்தக் 'கேக்கல' என்ன அழகாக ஏறி இறங்குகிறது என்று தனிக் கட்டையில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறார்! அவளுடைய வலது பக்கம் வந்து நின்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இடுக்கியை விட்டு இழுத்தார். அழுக்கோடு சுருண்டு வந்தது ஒரு டேப்புத் துண்டு. இவர் எப்போதோ வெட்டி எறிந்ததுதான், பாயில் கிடந்து, படுத்திருந்தவள் காதுக்குள் குடியேறியிருக்கிறது. அதில் இருப்பது யார் குரலென்று பார்க்க அவருக்குக் கை பரபரத்தது. ஃப்ளோராவின் முகத்தைப் பார்த்தார். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

பெட்டி எண்ணூரிலேயே தங்கிவிட்டது. பாஸ்கல் அதன்மேல் நெத்திலி காயவைக்கிறான். ஃப்ளோராவுக்கு இப்போது இரண்டு காதும் துல்லியம். சிலுவைமுத்துவால் வீட்டில் ஒரு வார்த்தை முணுமுணுக்க முடிவதில்லை.

அவர் திருந்திவிட்டார். இனம் இருக்கிறது. சிரிக்காதீர்கள், இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து உங்களை யாரோ இரண்டு தரம் கூப்பிட்டார்கள், நீங்களும் "உம், உம்" என்றீர்கள். என்ன சொன்னார்கள்?