கடல் மாமியும் ஏகாதசிப் போர்நிறுத்தமும்

சென்னையில் மீன் வளர்ப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பஞ்சாங்கம் பார்த்து மீன் வளர்த்த ஒரே பிறவி எங்கள் கடல் மாமிதான். மறுத்துப் பேச நினைப்பவர்கள், அடையாறில் அவர் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் என்னைப்போல் சில வருஷம் குடியிருந்துவிட்டு வந்து பேசட்டும்.

மாமி டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடியில் தனியாக இருந்தார். தனியாக என்று சொன்னால் கோபம் வரும். ஹாலில் சோபா இருக்கவேண்டிய இடத்தில் ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி இருந்தது. சோபா பால்கனியில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் உயிருள்ள பவளங்களும் கடல் மீன்களும். அவற்றுக்காக மாமி மூட்டை மூட்டையாக உப்பு வாங்கி, சுத்தம் செய்த தண்ணீரில் கரைத்து, வீட்டிலேயே கடல் தயாரித்துவந்தார். மூட்டையை இறக்கிவைத்த ஆட்டோக்காரர் ஒருநாள் தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

“இன்னா மாமி, கூப்பிடு தூரத்துல அம்மாம் பெரிய கடல் கீது. நீ இன்னாத்துக்கு உப்ப வாங்கினு வந்து கரைச்சிக்கினு கீற?”

“அந்தத் தண்ணில ஊரே கால் அலம்பறதுப்பா. என் கொழந்தேளுக்கு ஆகாது.”

வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது என்பது குடிவந்த அன்றே எனக்கு விதிக்கப்பட்ட சட்டம். நானும் மீன் குழம்பை மறந்து, சாம்பாரோடு சமரசம் செய்துகொண்டேன். அடுத்த வாரமே மாமி ஒரு எவர்சில்வர் டப்பாவோடு என் வாசலில் நின்றார்.

“சார், இத உங்க ஃப்ரிட்ஜ்ல ஒரு ஓரமா வச்சுக்கறேளா? எங்காத்து ஃப்ரிட்ஜ்ல பெருமாளுக்குப் பால் இருக்கு.”

திறந்து பார்த்தால் இறால். பட்டினப்பாக்கத்தில் அவரே போய் வாங்கி வந்தது, மீன்களுக்காக. அன்றிலிருந்து நான் வெண்டைக்காய் தின்றுகொண்டு இறாலுக்குக் காவல் இருந்தேன்.

இப்படிப்பட்ட மாமியின் வாழ்க்கையில் சனியன் புகுந்தது ஒரு கல் வழியாக. கொட்டிவாக்கத்தில் பவளம் விற்பவரிடம் வாங்கிவந்த கல்லில், பழுப்பு நிறத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பூ ஒட்டிக்கொண்டிருந்தது. கல் வாங்கினால் பூ இலவசம் என்று மாமிக்கு ஏக சந்தோஷம். எல்லாரும் பார்க்கட்டும் என்று அதை முன்வரிசையில் வைத்தார். அது பூ இல்லை, கொட்டும் பிராணி. கடல் அனிமோன் ஜாதியில் அது களை மாதிரி. மாதம் இரண்டு போவதற்குள் தொட்டியில் அதுவே மெஜாரிட்டி.

மாமி தோசைத் திருப்பியை எடுத்துச் சுரண்டினார். சிதறிய துணுக்கு ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம் தொடங்கியது. கல்லையே வெளியே எடுத்து வேகவைத்துவிடலாம் என்று குக்கரைத் தேடியபோது, நல்லவேளையாகக் கொட்டிவாக்கத்துக்காரர் போனில் வந்தார்.

“வேணவே வேணாம் மாமி. சில பவளத்துல வெஷம் கீது. கல்ல வேகவெச்சா அந்த ஆவியே ஆளத் தூக்கிடும். சுண்ணாம்பு வைங்க.”

“வெத்தலைக்குத் தடவறதா?”

“அதுல வாசனையெல்லாம் கலந்திருப்பான். சுத்தமான சுண்ணாம்பு நான் தர்றேன்.”

வைத்தியம் எளிதுதான். சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து, அலை மோட்டாரை நிறுத்திவிட்டு, சிரிஞ்சில் எடுத்து அந்தப் பிராணியின் வாயில் அப்பவேண்டும். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் கூடாது. ஆசைப்பட்டு நிறைய வைத்தால் தண்ணீரில் காரத்தன்மை ஏறி, தொட்டியில் மொத்தக் குடும்பமும் போய்விடும். ஆகவே விடாமல் தினமும் செய்யவேண்டும்.

அந்தத் ‘தினமும்’தான் மாமியிடம் நடக்கவில்லை. ஏகாதசியன்று உயிரைக் கொல்லலாமா? அமாவாசை பித்ருக்களுக்கு. பிரதோஷம், கிருத்திகை கேட்கவே வேண்டாம். வெள்ளி மகாலட்சுமிக்கு, சனி பெருமாளுக்கு. மிச்சமிருந்த நாட்களில் மாமிக்கு முழங்கால் வலி. மாமி கொன்றதைவிட வேகமாக அவை குட்டிபோட்டன. அவற்றுக்கும் யாரோ தினசரிக் காலண்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்றே நான் நம்பினேன்.

தொட்டியின் நடுவில் விரல் விரலாக அசையும் ஒரு பச்சைப் பவளம் உண்டு. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி அதற்குள்தான் குடித்தனம் செய்தது. இந்தக் களைப் பிராணிகள் கொட்டக் கொட்ட, பவளம் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தது. மார்கழியில் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. மீன்கள் இரண்டும் மூலையில் குழாயடியில் ஒண்டிக்கொண்டிருந்தன. மாமி என்னிடம் வாடகை கேட்க மறந்ததே அந்த மாதம்தான்.

வைகுண்ட ஏகாதசி அன்று காலை நான் இறால் டப்பாவோடு மேலே போனேன். சொர்க்கவாசல் சேவித்துவிட்டு வந்த மாமி, மடிப் புடவையோடு தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். பச்சைப் பவளத்தின் அடியிலேயே தடியாக ஒன்று முளைத்து, மிச்சமிருந்த விரல்களைத் தடவிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு வரைக்கும் தாங்குமா சார்?” என்றார்.

“தாங்காது போலிருக்கு மாமி. நான் வைக்கறேன். பாவம் எனக்கு வரட்டும்.”

“உங்க பாவத்த உங்காத்துல தனியாப் பண்ணிக்கோங்கோ. இது எங்காம்.”

எழுந்தார். மோட்டாரை நிறுத்தினார். மடிப் புடவைமேல் நீல ரப்பர் கையுறையும் கண்ணில் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, சுண்ணாம்பு சிரிஞ்சோடு தொட்டிக்குள் கையை விட்டார். சிரிப்பு வரவேண்டிய காட்சி. எனக்கு வரவில்லை.

“மாமி, பெருமாள்?” என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல்.

“கோச்சுண்டா ரெண்டு நாள்ல சரியாயிடுவர். இதுகளுக்கு இருக்க வேற ஆம் ஏது?”

அதன்பின் வெள்ளியும் இல்லை, சனியும் இல்லை. முழங்கால் வலிகூட வரவில்லை. தினமும் இரண்டு, மூன்று என்று தை முழுக்கச் சுண்ணாம்பு வைத்தார். மாசி பிறந்து ஒருநாள், “ஓடி வாங்கோ சார்” என்று மாடியிலிருந்து குரல் வந்தது. பச்சைப் பவளம் எல்லா விரல்களையும் விரித்திருந்தது. நடுவே தம்பதி, ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள்போல் அசதியாகப் படுத்திருந்தார்கள்.

இப்போது நான் தரமணிப் பக்கம் குடிவந்துவிட்டேன். போன வாரம் பார்க்கப் போனபோதும் மாமி புலம்பினார்: “வைகுண்ட ஏகாதசியும் அதுவுமா கொலை பண்ணினேனே. நேக்கு அங்க எடம் கெடைக்காது சார்.”

மாமிக்கு இடம் இல்லாத வைகுண்டம் எனக்கும் வேண்டாம்.