அம்மிக்கல்லில் தேறிய டிரில்

எதையும் சோதித்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று சொல்லும் ஆசாமியிடம், எங்கே உட்கார்ந்து சோதித்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நானும் அந்த ரகம்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

அறுபதுகளில் கோட்டைப் பகுதி அலுவலகம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். வீடு மாதுங்காவில். அதே அலுவலகத்தில் டைப்பிஸ்ட், தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரன் செல்வராஜ். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ரயிலேறி மும்ப்ரா மலைக்குப் போய்ப் பாறை ஏறுவோம். (ஏறுவது அவன். கீழே கயிற்றைப் பிடித்தபடி அறிவுரை வழங்குவது நான்.)

அங்கே ஒரு கரும்பாறை, பாதிக்கு மேல் வழுவழுவென்று இருந்தது. ஆணி அறைய ஒரு வெடிப்புக்கூடக் கிடையாது. துளை போட்டு, போல்ட் இறக்கி, அதில் கயிற்றை மாட்டினால்தான் மேலே போகலாம். அதற்குக் கை டிரில் வேண்டும். ஒரு கையால் பாறையில் நிறுத்தி, மறுகையால் சுத்தியலால் அடித்து, அடிக்கு அடி திருப்ப வேண்டிய எஃகுக் கம்பி அது.

செல்வராஜுக்கு அந்த மாதக் கடைசியில் கல்யாணம்.

"அதுக்கு முன்ன இந்தப் பாறைய முடிச்சிரணும் வே. பொறவு ரோஸி விடமாட்டா" என்றான். "டிரில்ல நீரே பாத்து எடும். பர்ச்சேஸ்ல ஒமக்குச் சும்மாவா சம்பளம் குடுக்கானுவ?"

குர்லாவில் ஒரு இரும்புக் கடையில் இரண்டு அகப்பட்டன. ஒன்று விரல் தடிமன், மற்றது அதைப்போல் இரு மடங்கு. பிடிக்காததைத் திருப்பித் தருவதாகச் சொல்லி இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமையலறையில் பழைய வேட்டியை விரித்து, நடுவில் அம்மிக்கல்லை வைத்து, பக்கத்தில் காபியுடன் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒல்லி டிரில் ஒவ்வோர் அடிக்கும் துள்ளியது. தடியனோ தன் கனத்திலேயே ஆடாமல் நின்று கல்லைத் தின்றான்.

"ஏண்டா மணி, துவையலை இனிமே உன் தலைலயா அரைப்பேன்?" என்றாள் அம்மா.

"தள்ளும்மா. பரீட்சை நடந்துண்டிருக்கு."

'தடித்ததே உத்தமம். ஐயமில்லை' என்று அன்றைய நாட்குறிப்பில் அடிக்கோடிட்டு எழுதினேன்.

ஞாயிறு காலை செல்வராஜ் பாறையின் பாதியை எட்டி, கடைசி வெடிப்பில் ஆணி அறைந்து கயிற்றை மாட்டினான். அதற்கும் மேலே ஏறி, ஒரு விளிம்பில் ஒற்றைக் கால் விரல்களை ஊன்றி நின்றுகொண்டு, தடியனைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"வேய், இது டிரில்லா, உலக்கையா?"

"அதுதான் பெஸ்ட்! நான் பாத்துட்டேன்!"

"எதுல பாத்தீரு?"

"அம்மிக்கல்லுல!"

"அம்மி படுத்துல்லா கெடக்கும் வே. இந்தப் பாற நிக்கி!"

சமையலறையில் எனக்கு உதவிய கனம் முழுவதும் இப்போது அவன் மணிக்கட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. 'இறங்கி வா' என்று கத்தியிருக்க வேண்டும். "நன்னா திருப்பித் திருப்பி அடி" என்றேன்.

அடித்தான். ஊன்றிய கால் தையல் மெஷின்போல் நடுங்கத் தொடங்கியது. முதலில் டிரில் விழுந்தது. அடுத்து அவன். ஆணி தாங்கியது, கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடி நின்றது. அதற்குள் அவன் ஊசலாடிப் போய்ப் பாறையில் மோதியிருந்தான். விறகு முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

மெல்ல இறக்கிக் கிடத்தினேன். முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையில் திரும்பியிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. "கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல நிக்க முடியுமா வே?" என்று மட்டும் கேட்டான். முதுகில் சுமந்து இறங்கினேன். வழியில் அவன் பேச்சு நின்றது. செத்துவிட்டான் என்றே நினைத்து, அழுதுகொண்டே ஸ்டேஷன்வரை நடந்தேன். (மயக்கம்தான். அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.)

ஆஸ்பத்திரியில் தொடைவரை மாவுக்கட்டு போட்டார்கள். ரோஸியின் அப்பா, அபசகுனம், கல்யாணம் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார். ரோஸி கட்டிலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"டிரில்லு வாங்குன மவராசன் நீங்கதானா?"

தலையாட்டினேன்.

"அப்பா, கல்யாணம் அன்னைக்கேதான். ஆனா இவுக நின்னுதான் வாக்குக் குடுக்கணும். உக்காந்து குடுத்தா ஆயுசுக்கும் நொண்டின்னு பேசுவாவ." பிறகு என்னிடம், "அண்ணே, நீங்க புடிச்சுக்கிடுங்க."

கல்யாணத்தன்று, கட்டுப் போட்ட கைகளால் அவன் இடுப்பை அணைத்தபடி, பூசை முழுக்கப் பீடத்தின் முன் நின்றேன். அவனுக்கு வலி வரும்போதெல்லாம் என் தோளில் நகம் பதிந்தது. பாதிரியார் கேட்டதற்கு அவன் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானது. அந்த நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். போட்டோ எடுத்தபோதும் விட முடியவில்லை, விட்டால் விழுவான்.

அவன் கால் பிறகு நேராகவே இல்லை. பாறை ஏறுவதும் அன்றோடு போயிற்று. என்னை அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை ரோஸி பார்த்துக்கொள்கிறாள். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அந்தப் போட்டோவை எடுத்துக் காட்டுவாள். கட்டிப்பிடித்து நிற்கும் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதில் மாப்பிள்ளை யார் என்று அவர்கள் கேட்பார்கள்.

"ரெண்டு பேரையும் சேத்தாத்தான் ஒரு மாப்பிள்ள" என்பாள்.